கை வருமா, பேச்சு வருமா? சேர்வராயன் மலைத் தொழிலாளி ஒருவரின் மூளை ரத்தக்கசிவும் மூன்று ஸ்கேன்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை செய்துவந்த 56 வயது ஆண் ஒருவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட ரத்தக்கசிவையும், அதன்பின் ஓராண்டுக் காலம் அவர் தேறிவந்த விதத்தையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. முதல் நாள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒரு கேள்விக்கும், மூன்றாவது வாரம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறொரு கேள்விக்கும் விடை சொல்கின்றன. ஒன்றின் விடையை மற்றதன் விடையாக எடுத்துக்கொண்டு, பிழைத்து நடமாடியிருக்கக்கூடிய ஒருவரை வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிடும் நிலை நம் ஊர்களில் இன்றும் இருப்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நோய் வந்த விதம்

அது டிசம்பர் மாதம், பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் காலம். காலை ஆறு மணியளவில் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். மனைவி ஓடிவந்து பார்த்தபோது வாய் கோணியிருந்தது, வலக்கையும் வலக்காலும் அசையவில்லை, அவர் ஏதோ சொல்ல முயன்றும் சொல் வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து ஆம்லோடிபின் மாத்திரை எடுத்துவந்தவர், உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதால் தீபாவளிக்குப் பிறகு அதை நிறுத்தியிருந்தார். சர்க்கரை நோய் கிடையாது. பீடிப் பழக்கம் உண்டு. ரத்தத்தை இளக்கும் மருந்து எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது ரத்த அழுத்தம் 212/118 ஆக இருந்தது. அங்கிருந்து 108 ஆம்புலன்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வந்து சேர்ந்து, சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபோது மணி 9.20. அதாவது நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆகியிருந்தது. இந்த நேரக் கணக்கு முன்கணிப்பில் முக்கியமானது. மூளைக்குள் கசியும் ரத்தம் ஒரே கணத்தில் கசிந்து நின்றுவிடுவதில்லை. நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களை வைத்து 1997-இல் வெளியான ஆய்வில், முதல் ஸ்கேனுக்கு அடுத்த ஒரு மணி நேரத்திலேயே 26 விழுக்காட்டினருக்கும், 20 மணி நேரத்துக்குள் மேலும் 12 விழுக்காட்டினருக்கும் ரத்தக்கட்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. ஆகவே மிகச் சீக்கிரம் எடுக்கப்பட்ட ஸ்கேனில் கட்டி சிறிதாகத் தெரிந்தாலும் அதுவே இறுதி அளவு என்று கொள்ள முடியாது. இவருக்கு அந்த வளர்ச்சிக் காலத்தின் ஒரு பகுதி மலைப்பாதையிலேயே கழிந்துவிட்டிருந்தது.

வந்து சேர்ந்த நேரத்தில் அவர் அரைத்தூக்கத்தில் இருந்தார். கூப்பிட்டால் கண் திறந்தார். கையைத் தூக்கிக் காட்டிச் சைகை செய்தால் தம் இடக்கையைத் தூக்கினார். ஆனால் வாயிலிருந்து முனகலைத் தவிர எதுவும் வரவில்லை. விழிப்பு நிலையை 15-க்கு மதிப்பிடும் கிளாஸ்கோ அளவையில் கண்ணுக்கு 3, பேச்சுக்கு 2, அசைவுக்கு 6 என மொத்தம் 11. ஐந்துக்கு மதிப்பிடும் தசை வலிமை வலக்கையில் சுழியம், வலக்காலில் 1.

முதல் ஸ்கேனும் இரண்டு மதிப்பெண்களும்

சி.டி. படத்தில் புதிய ரத்தம் வெண்மையாகத் தெரியும். இவருக்கு அந்த வெண்மை இடப்பக்கத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள புட்டாமென் பகுதியில் இருந்தது. நீண்ட நாள் கட்டுப்படாத ரத்த அழுத்தத்தால் நலியும் மிக நுண்ணிய தமனிகள் அப்பகுதியில்தான் ஊடுருவிச் செல்கின்றன. அழுத்தத்தால் வரும் கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை அங்கும், அதையடுத்த ஆழ்பகுதியான தாலமஸிலும், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸிலும், சிறுமூளையிலும் நிகழ்வதற்குக் காரணம் அதுவே. கட்டியின் மிக நீண்ட விட்டம் 5.2 செ.மீ.; அதற்குச் செங்குத்தான விட்டம் 3.8 செ.மீ.; 5 மி.மீ. தடிமனுள்ள படலங்களில் அது பரவியிருந்த உயரம் 3.5 செ.மீ. மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 34.6 மி.லி. கணினி மென்பொருள் எதுவும் இல்லாமல், ஸ்கேன் திரையிலேயே ஒரு நிமிடத்துக்குள் போடக்கூடிய கணக்கு இது. கட்டியின் ஓரம் ஒழுங்காகவும் உள்ளடர்த்தி ஒரே சீராகவும் இருந்தன. வெண்மைக்குள் கருந்திட்டுகளோ சுழல் போன்ற கலவையோ இருந்திருந்தால் இன்னும் வளரக்கூடும் என்று அஞ்சியிருப்போம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளில் ஒன்றான இடப் பக்கவாட்டு வெண்ட்ரிக்கிளுக்குள் சிறிதளவு ரத்தம் இறங்கியிருந்தது.

மூளை ரத்தக்கசிவுக்கு உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 2001-இல் வெளியான ஐ.சி.எச். (மூளைக்குள் ரத்தக்கசிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மதிப்பெண். கிளாஸ்கோ அளவை 5 முதல் 12 வரை இருந்தால் 1, அதற்கும் கீழே இருந்தால் 2. கட்டி 30 மி.லி. அல்லது அதற்கு மேல் இருந்தால் 1; வெண்ட்ரிக்கிளில் ரத்தம் இருந்தால் 1; கசிவு மூளையின் கீழ்த்தளத்தில், அதாவது சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ இருந்தால் 1; வயது 80 அல்லது அதற்கு மேல் என்றால் 1. இந்தக் கணக்கில் இவருக்கு 3 மதிப்பெண். மூல ஆய்வில் 3 பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் இறந்திருந்தனர். 2 பெற்றவர்களில் இறந்தோர் 26 விழுக்காட்டினர் மட்டுமே.

ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, அந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கூட்டுத்தொகையை மட்டும் குடும்பத்தாரிடம் சொல்வது சரியன்று. இவருக்குக் கிளாஸ்கோ அளவை குறைந்ததற்குப் பெருங்காரணம் பேச்சுக்குக் கிடைத்த 2. அந்தப் பேச்சு போனதோ மயக்கத்தால் அன்று. மொழிக்குரிய இட மூளையும் அதன் இணைப்புகளும் அழுத்தப்பட்டதால். இதே அளவுக் கட்டி வலப்பக்கத்தில் வந்திருந்தால் அவர் குழறியாவது விடை சொல்லியிருப்பார், பேச்சுக்கு 4 கிடைத்திருக்கும், கிளாஸ்கோ அளவை 13 ஆகியிருக்கும், ஐ.சி.எச். மதிப்பெண்ணில் ஒன்று குறைந்து அவர் 26 விழுக்காட்டுக் குழுவில் நின்றிருப்பார். கட்டியின் அளவுக்கான மதிப்பெண்ணும் 30 என்ற எல்லைக்கு அருகில்தான் விழுந்தது. கையால் அளக்கும்போது இரண்டு மருத்துவர்களுக்கிடையே சில மி.லி. வேறுபாடு வருவது இயல்பு. தவிர, அந்த மூல ஆய்வு 152 நோயாளிகளை மட்டுமே கொண்டது. இவ்வகைத் தொகுப்புகளில் தேறமாட்டார் என்ற முடிவால் சிகிச்சை குறைக்கப்பட்டோரின் இறப்பும் கலந்தே இருக்கிறது. அத்தகைய கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை அதே 2001-ஆம் ஆண்டிலேயே நரம்பியல் ஆய்விதழில் எழுதப்பட்டுவிட்டது.

2008-இல் வெளியான ஃபங்க் மதிப்பெண் வேறொன்றைக் கேட்கிறது: 90 நாள் முடிவில் இவர் பிறர் துணையின்றி வாழ முடியுமா? கட்டியின் அளவு, வயது, இடம், கிளாஸ்கோ அளவை, நோய்க்கு முன் நினைவாற்றல் நன்றாக இருந்ததா என்ற ஐந்தையும் வைத்து 11-க்குக் கணக்கிடுவார்கள். இவருக்கு 30 முதல் 60 மி.லி. கட்டிக்கு 2, எழுபதுக்குக் குறைந்த வயதுக்கு 2, ஆழ்பகுதிக் கசிவுக்கு 1, கிளாஸ்கோ அளவை 9-க்குக் குறையாததற்கு 2, தெளிவான முன்நினைவுக்கு 1 என மொத்தம் 8. எட்டு பெற்றவர்கள் தற்சார்பு அடையும் வாய்ப்பு 21 முதல் 60 விழுக்காடு வரை என்கிறது அந்த அட்டவணை. ஒரே மனிதர், ஒரே காலை, ஒரே ஸ்கேன். ஒரு மதிப்பெண் பெரும்பாலும் இறப்பார் என்கிறது. மற்றது தற்சார்பு அடையப் பாதிக்குப் பாதி வரைகூட வாய்ப்பு இருக்கலாம் என்கிறது.

குடும்பத்தாரிடம் பேசியது

அன்று நண்பகல் மனைவியும், சேலத்தில் வேலை பார்க்கும் மூத்த மகனும், நோயாளியின் அண்ணனும் எங்களைச் சந்தித்தனர். "எப்படியும் கை கால் விளங்காதுன்னா, இப்பவே மலைக்குக் கூட்டிட்டுப் போயிடறோங்க" என்றார் அண்ணன். மகன் கேட்டது வேறு: "அப்பாவுக்குக் கை வந்துருங்களா சார்? பேச்சு வருங்களா?"

முதல் நாள் ஸ்கேன் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை ஓரளவு சொல்லும், கை வருமா என்பதைச் சொல்லாது என்று விளக்கினோம். மலைப்பாதையில் மண் சரிந்து வழி மறிபடுவதும், பாதையே அடித்துக்கொண்டு போவதும் அன்றைக்குப் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், மண்ணை அகற்றிய பின்தான் கீழே சாலை இருக்கிறதா என்று தெரியும் என்று சொன்னபோது அண்ணன் உடனே புரிந்துகொண்டார். அந்தச் சாலையிலேயே வாழ்நாள் முழுதும் ஏறி இறங்கியவர் அவர். சிகிச்சையை நிறுத்துவது, உயிர்காப்பு முயற்சி வேண்டாம் என்பது போன்ற புதிய முடிவுகளைக் குறைந்தது மருத்துவமனையின் இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போட வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கால அவகாசத்தையே அவர்களிடம் கேட்டோம், அவர்களும் கொடுத்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்தது. இரண்டு நாள் பொறுக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

முதல் மூன்று வாரங்கள்

லேபெட்டலால் ஊசி மருந்தின் மூலம் மேல் அழுத்தம் படிப்படியாக 140-க்குக் கொண்டுவரப்பட்டு 130-க்கும் 150-க்கும் இடையில் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் ரத்தச் சர்க்கரையும் ஏறாமல் கவனிக்கப்பட்டன. இவை சிறிய காரியங்களாகத் தெரிந்தாலும், அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் உறையும் தன்மை ஆகிய நான்கையும் ஒருசேரக் கவனிப்பதால் ஆறு மாத முடிவு மேம்படுகிறது என்பதை 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட இன்டராக்ட் 3 ஆய்வு 2023-இல் காட்டியது. அறுவை சிகிச்சை பற்றி நரம்பியல் அறுவை மருத்துவருடன் ஆலோசித்தோம். மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கட்டிகளில் நுண்துளை அறுவையால் பலன் உண்டு என்று 2024-இல் வெளியான என்ரிச் ஆய்வு காட்டியிருந்தாலும், புட்டாமென் போன்ற ஆழ்பகுதிக் கட்டிகளுக்கு அதே ஆய்வில் அத்தகைய பலன் தென்படவில்லை. நோயாளியின் விழிப்பு மேலும் குன்றாமல் இருந்ததாலும் மருந்துச் சிகிச்சையே தொடர்ந்தது.

இருபத்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது சி.டி.யில் கட்டி 36 மி.லி. 6 மி.லி.க்கு மேலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ கூடினால்தான் வளர்ச்சி என்று கொள்வது வழக்கம். இது அளவீட்டு வேறுபாட்டுக்குள் அடங்கியது. முன்கணிப்பைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது ஸ்கேனுக்குரிய மதிப்பு நம்மிடையே போதிய அளவு உணரப்படவில்லை என்பது என் எண்ணம். கட்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு சொல்லும் கணிப்புக்கும், இன்னும் வளரக்கூடிய நிலையில் சொல்லும் கணிப்புக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஐந்தாம் நாள் அவர் மீண்டும் சோர்ந்து தூங்கத் தொடங்கினார். கட்டியைச் சுற்றி நீர்கோத்து வீங்குவது முதல் இரண்டு நாள்களில் வேகமாக நடந்து, பிறகு மெதுவாக இரண்டாவது வாரம் வரை கூடும்; உடையும் ரத்த அணுக்களிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபினும் இரும்பும் அதற்கு ஒரு காரணம். குடும்பத்தார் மிகவும் பயந்துபோன நாள்கள் அவை. இப்படி ஒரு தாழ்வு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர்கள் அதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் கண் நன்றாகத் திறந்தது. மூக்குக் குழாய் பதினாறாம் நாள் எடுக்கப்பட்டு, கரைத்த கஞ்சியும் குழைந்த சோறும் வாய்வழி கொடுக்கப்பட்டன.

மூன்றாவது ஸ்கேன்

இருபத்து ஒன்றாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, வழக்கமான படங்களுடன், திசுவில் நீர் நகரும் திசையை அளக்கும் டி.டி.ஐ. என்ற முறையும் சேர்க்கப்பட்டது. நரம்பிழைகள் ஒரே திசையில் கற்றையாக ஓடும் இடத்தில், நீர் மூலக்கூறுகள் அந்தத் திசையிலேயே எளிதாக நகரும், குறுக்கே நகர்வது கடினம். இந்தத் திசைச் சார்பை அளந்து சுழியத்திலிருந்து ஒன்று வரை மதிப்பிட்டால், இழைகள் எவ்வளவு ஒழுங்காக எஞ்சியிருக்கின்றன என்பது தெரியும். கையைக் காலை அசைக்கும் கார்ட்டிகோஸ்பைனல் பாதை, மூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி, நரம்பிழைகள் நெருங்கி ஓடும் இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதி வழியாக, புட்டாமெனுக்கு உட்புறமாகத்தான் செல்கிறது. எனவே புட்டாமெனில் வரும் கட்டி அந்தப் பாதையை அறுக்கவும் கூடும், வெறுமனே உட்புறமாகத் தள்ளிவிடவும் கூடும். இரண்டிலும் முதல் வாரத்தில் கை ஒரேபோல் விழுந்தே கிடக்கும்.

இதை ஏன் முதல் நாளே எடுக்கவில்லை என்று மகன் கேட்டது நியாயமான கேள்வி. புதிய ரத்தமும் வீக்கமும் அந்தச் சமிக்ஞையைக் குலைத்துவிடுவதால், கட்டியை ஒட்டிய பகுதியில் அப்போது கிடைக்கும் எண்களை நம்ப முடியாது. அறுபட்ட இழை தன் கீழ்நுனி வரை சிதைய வாரக்கணக்கில் ஆகும். கட்டிக்கு வெகு கீழே, நடுமூளையின் தண்டுப் பகுதியில் அந்தச் சிதைவு தெரிகிறதா இல்லையா என்று மூன்றாவது வாரத்தில் பார்ப்பது மிகத் தெளிவான சான்று.

இவருக்கு இடப்பக்கத்து இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதியில் மதிப்பு 0.44; நலமான வலப்பக்கத்தில் 0.62. இரண்டின் விகிதம் 0.71. கீழே நடுமூளைத் தண்டில் 0.52-க்கு 0.63, விகிதம் 0.83. பாதையை வரைபடமாக எழுப்பிப் பார்த்தபோது அது உட்புறம் தள்ளப்பட்டு, மெலிந்து, ஆனால் அறுபடாமல் தொடர்ந்தது. மொழிப் பகுதிகளை இணைக்கும் ஆர்க்குவேட் கற்றையின் முன்பாதி தேய்ந்திருந்தது, பின்பாதி நன்றாக இருந்தது.

அன்றைய படுக்கைப் பரிசோதனை இதற்கு நேர்மாறான செய்தியைச் சொன்னது. தோளை விலக்கித் தூக்குவதில் வலிமை 1, விரல் நீட்டுவதில் சுழியம். நோய் வந்து மூன்றாவது நாளில் இவ்விரு அசைவுகளின் கூட்டு மதிப்பு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கை நன்றாகத் தேறும் என்பது 2017-இல் வெளியான ப்ரெப் 2 முறையின் முதல் படி. அந்த அளவை மூன்றாவது வாரத்தில்கூட இவர் எட்டவில்லை. ஆனால் அந்த முறை பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்களை வைத்து உருவானது. அடைப்பில் திசு ரத்தமின்றி மடிகிறது. கசிவிலோ, கட்டியின் அழுத்தத்தால் செயலிழந்து, ஆனால் உயிரோடு இருக்கும் திசு கணிசமாக இருக்கலாம். கட்டி கரைய வாரங்கள் ஆவதால் அந்தத் திசு விழிப்பதும் தாமதமாகிறது. பாதை அறுபடவில்லை என்பதை வைத்து, கைக்கான பயிற்சியைக் கைவிடக்கூடாது, முழு வேகத்தில் தொடர வேண்டும் என்று முடிவெடுத்தோம். இந்த எம்.ஆர்.ஐ.யால் மாறியது அந்த ஒரு முடிவுதான். அந்த ஒரு முடிவுக்காகவே அது எடுக்கத் தகுந்தது.

மலையில் கழிந்த ஓராண்டு

நான்காவது வாரம் வீட்டுக்கு அனுப்பினோம். மகன் பயிற்சிகளைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். உறவினர்கள் அன்போடு வலக்கையைப் பிடித்து இழுத்து எழுப்பியதில் தோள்மூட்டு சற்று நழுவி, இரண்டு மாதம் வலியில் கழிந்தது. கசிவால் வந்த குறை அன்று அது, ஆனால் கைப்பயிற்சியை அதுவே அதிகமாகத் தாமதப்படுத்தியது. ஏழாவது வாரம் சுட்டுவிரலை நீட்ட முடிந்தது. 90 நாள் முடிவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் நடந்தார். ஊனத்தைச் சுழியம் (குறையில்லை) முதல் 6 (இறப்பு) வரை அளக்கும் மாற்றியமைத்த ரேங்கின் அளவையில் 4. பிறர் துணையின்றி வாழ முடியுமா என்று ஃபங்க் மதிப்பெண் கேட்ட கேள்விக்கு அன்றைய விடை, முடியாது என்பதே.

கணிப்பைத் தொண்ணூறாம் நாளோடு முடித்துக்கொள்வது ரத்தக்கசிவு நோயாளிகளுக்குப் பொருந்தாது. மிஸ்டி 3, கிளியர் 3 என்ற இரு பெரிய ஆய்வுகளின் நோயாளிகளை ஒருசேரப் பார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், 30-ஆம் நாள் கடுமையான ஊனத்தோடு இருந்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஓராண்டு முடிவில் அதே ரேங்கின் அளவையில் 3 அல்லது அதைவிடக் குறைந்த எண்ணுக்குரிய நல்ல நிலையை அடைந்திருந்தார்கள். இவரும் ஆறாம் மாதம் ஊன்றுகோலோடு தனியே நடந்து 3-ஐ எட்டினார். பன்னிரண்டாம் மாதமும் அதே 3 தான். ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள், வலக்கையால் டம்ளரைப் பிடித்துத் தூக்கவும், மூன்று நான்கு சொல்லில் வாக்கியம் பேசவும், பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் அவர் தேறியிருந்தார். சமதளத்தில் வாழும் ஒருவருக்கு 3 என்பது, சில வேலைகளுக்குத் துணை தேவைப்பட்டாலும், வீட்டுக்குள்ளும் தெருவிலும் தனியே நடக்க முடிகிற வாழ்க்கை. சரிவில் படிவெட்டி வீடு கட்டியிருக்கும் மலைக் குடியிருப்பில், மழை பெய்த நாளில் கழிப்பறைக்குப் போகவே ஒருவர் துணை வேண்டும். இதை அந்த அளவை அறியாது; வாசற்படியில் கைப்பிடிக் கம்பி போடச் சொன்னதும், மகன் அதைப் போட்டதும் எந்த மதிப்பெண்ணிலும் ஏறவில்லை. கவாத்து வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. உலர்களத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை தரம் பிரிக்கும் வேலையை இடக்கையால் சில மணி நேரம் செய்கிறார்.

எம்.ஆர்.ஐ.யில் தாலமஸிலும் பான்ஸிலும் பழைய நுண்கசிவுகளின் தழும்புகள் சில இருந்தன. மறுபடியும் கசியும் ஆபத்து இவருக்கு உண்டு என்பதற்கு அவையே சான்று என்பதால், ஆம்லோடிபினோடு டெல்மிசார்ட்டனும் சேர்த்து ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்திருக்கிறோம்; கடைசியாகப் பார்த்தபோது 126/78. பீடியை விட்டுவிட்டார். சட்டைப் பொத்தானை வலக்கையால் போட இன்னும் வரவில்லை, ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும் வலிமை ஒன்பதாம் மாதத்தைவிட இப்போது கூடியிருக்கிறது. மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று மகன் கேட்டார். அதன் முடிவு எதுவானாலும் பயிற்சி மாறப்போவதில்லை என்பதால் வேண்டாம் என்றோம். பதினெட்டாம் மாதம் கையை மட்டும் மறுபடி அளந்து பார்ப்பதாகத் திட்டம்.